இரண்டு வேலிக்கு நடுவில் ஒரு நடைபாதை

ஊர் ஊராகக் கோயில் பார்க்கப் போகிறவர்கள் உண்டு, சாப்பாட்டுக் கடை தேடிப் போகிறவர்கள் உண்டு. நான் நடைபாதை பார்க்கப் போகிறவள். திருச்சியில் ஒரு பள்ளியில் புவியியல் சொல்லித்தருகிறேன். நான்கு நாள் விடுமுறை கிடைத்தால், எந்த ஊரில் குளக்கரையில் நடக்க வழி விட்டிருக்கிறார்கள் என்று தேடிக் கிளம்பிவிடுவேன். வீட்டில் இதை ஒரு வியாதி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். இந்தத் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் புலம்பல் பழகியிருக்கும். பாதி ஊர்களில் பூங்கா என்றால், இருந்த மரத்தை வெட்டி, சிமெண்டுக் கல் பாவி, நடுவில் ஒரு டால்பின் சிலை வைத்து, நிழலுக்குத் தகரக் குடை நட்டிருப்பார்கள்.

அப்படிப் புலம்பிய ஒரு பதிவின் கீழேதான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பின்னூட்டம் வந்தது. எழுதியவர் தர்சிகா. பூங்கா, நடைபாதை, பசுந்திடல் ஆகியவற்றை நிலத்தின் போக்குக்கு ஏற்ப வடிவமைக்கும் படிப்புப் படித்தவர். "அக்கா, எங்கடை ஊரிலை குளத்திலையிருந்து கடற்கரை வரைக்கும் ஒரு பாதை செய்யிறம். சீமெந்து இல்லை. ஒருக்கா வந்து நடந்து பாருங்கோ. பிழை இருந்தாச் சொல்லுங்கோ." பிழை சொல்ல ஒருத்தி என்னைக் கூப்பிடுகிறாள் என்றால் போகாமல் இருக்க முடியுமா? மாசி மாதத்தில் ஒரு நீண்ட வார இறுதி வந்தது. கிளம்பிவிட்டேன்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். நான்கு மணி நேரத்தை ஒட்டிய பயணம். பாதிக் கடல் வரைக்கும் வயிறு என் சொல் கேட்கவில்லை. மீதிப் பாதியில் சமாதானமாகிவிட்டது. எலுமிச்சம்பழம் ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்கு வெளியே ஓட்டோக்காரர் ஒருவரிடம், ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இலுப்பைக்கேணிக்குப் போக வேண்டும், அங்கே புதிதாக ஒரு நடைபாதை இருக்கிறதாம் என்றேன்.

"நடக்கிறதுக்கோ கப்பலேறி வந்தனீங்கள்?"

"ஆமாம்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஓட்டோ என்னத்துக்கு?"

எழுநூறு ரூபாய் (எல்லாம் இலங்கை ரூபாய்க் கணக்கு) பேசி ஏறிக்கொண்டேன். பழைய சீமெந்துத் தொழிற்சாலையைத் தாண்டி, செம்மண் தோட்டங்களுக்கு நடுவே, வழியெல்லாம் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

இலுப்பைக்கேணி போர்க்காலத்தில் மொத்தமாக வெளியேற வேண்டியிருந்த ஊர்களில் ஒன்று. பல வருடங்கள் யாரும் உள்ளே போக முடியவில்லை. காணிகள் திரும்பக் கிடைத்தபோது வீடுகள் சரிந்திருந்தன, கிணறுகள் தூர்ந்திருந்தன, ஒழுங்கைகள் எங்கே ஓடின என்று தெரியாதபடி பற்றைக்காடு, அதாவது புதர், மூடியிருந்தது. ஒழுங்கை என்றால் நம் ஊர்ச் சந்துபோல, இரண்டு பக்கமும் வேலி அடைத்த சின்னத் தெரு. இன்றைக்கும் பாதிக் குடும்பங்கள்தான் வந்து குடியேறியிருக்கின்றன. தர்சிகாவே இடம்பெயர்ந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்தான். சொந்த ஊரை முதன்முதலில் பார்த்தபோது அவருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. இப்போது யாழ்ப்பாண நகரத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மண்வெட்டியோடு இங்கே வந்துவிடுகிறார். இரண்டு வருடமாக இப்படித்தானாம்.

குளக்கரையில் எனக்காகக் காத்திருந்தார். மெலிந்த உருவம், வெயிலுக்கு ஆண்பிள்ளைச் சட்டை, கழுத்தில் அளவு நாடா. பார்த்த மறுநிமிடமே எனக்குப் பிடித்துப்போனது, காரணம் அந்தப் பாதை. நல்ல பாதை காலுக்குத்தான் முதலில் தெரியும். கிணறு வெட்டும்போது வந்த சுண்ணாம்புக் கல்லை உடைத்துத் தூளாக்கி, செம்மண் கலந்து, உருளை ஓட்டி இறுக்கியிருக்கிறார்கள். ஆறடி அகலம். குளத்தின் பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு.

"ஏன் சரிவு?" என்றேன், தெரிந்துகொண்டே. வாத்தியார் புத்தி.

"இஞ்சை ஆறில்லை அக்கா. மழைத்தண்ணி நிலத்துக்குள்ளை இறங்காட்டிக் கிணத்துத் தண்ணி உப்பாப் போயிடும். சீமெந்து போட்டா அது ஓடிக் கடலுக்குத்தான் போகும். நடக்கிற பாதையும் தண்ணியைக் குடிக்கவேணும்."

இதைத்தானே இத்தனை வருடம் இந்தத் தளத்தில் கத்திக்கொண்டிருக்கிறேன். அங்கேயே கட்டிப்பிடித்திருப்பேன், அளவு நாடா இடித்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

குளத்தின் கிழக்குக் கரையில் ஆவுரஞ்சிக்கல் ஒன்று நிற்கிறது. மாடுகள் வந்து உடம்பைத் தேய்த்துக்கொள்வதற்காக அந்தக் காலத்தில் நட்ட கல்தூண். அதைப் பிடுங்காமல் பாதையை அதைச் சுற்றி வளைத்திருக்கிறார். இப்போது மாலையில் நடக்க வரும் பெண்கள் அதில் கையை ஊன்றிக் காலை நீட்டி மடக்குகிறார்கள். மாடுகளும் வருகின்றன. நான் போனபோது ஒரு பசு முறை காத்துக்கொண்டு நின்றது. கரை முழுக்க இலுப்பையும் வேம்பும் புங்கும் நட்டிருக்கிறார்கள். இடுப்பளவு வந்துவிட்டன. உட்காரத் தட்டையான கற்பலகைகள், வாங்கு என்கிறார்கள்.

பலகைகளில் ஒரு எழுத்துக்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் இது எவ்வளவு பெரிய சாதனை என்பது மறுநாள்தான் எனக்குப் புரிந்தது. இங்கே பஸ் தரிப்பிடம், குடிநீர்த் தொட்டி, கோயில் மணி, பள்ளிக்கூட நாற்காலி, எதைப் பார்த்தாலும் காலமான ஒருவரின் பெயர் எழுதி, 'ஞாபகார்த்தமாக', கீழே 'உபயம்' என்று கொடுத்தவர் பெயரும் இருக்கும். "வாங்கு ஒண்டுக்கு மூண்டு குடும்பம் வந்து பேர் போடக் கேட்டது அக்கா. நான் மாட்டன் எண்டு நிண்டிட்டன். மரத்தைப் பாக்க வாற இடத்திலை பேரை ஏன் வாசிக்கவேணும்?" என்றார். நானும் தலையாட்டினேன்.

குளத்தைச் சுற்றி, பனங்கூடல் (பனந்தோப்பு) ஒன்றைக் கடந்து, மொத்தம் 3.2 கிலோமீட்டரில் கடற்கரைக்குப் போய்ச் சேருகிறது பாதை. பனங்கூடலில் நிழல் குறைவு, தொப்பி அவசியம். அதைத் தாண்டியதும் பாதை இடதுபக்கம் திரும்பியது. நான் நின்றுவிட்டேன்.

எதிரே பூவரச மரங்களாலான ஒரு குகை. இரண்டு பக்கமும் நேர்க்கோட்டில் மரங்கள், நடுவே ஆறடி, மேலே கிளைகள் பின்னிக்கொண்டு வானத்தை மூடியிருந்தன. கீழே மஞ்சள் பூக்கள் விழுந்து, வாடி, சிவந்து கிடந்தன. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். உள்ளே ஈரமான குளிர்ச்சி. தூரத்துக் கோடியில் கடல் ஒரு நீலப் பொட்டாகத் தெரிந்தது. 280 மீட்டர் என்றார் தர்சிகா. நான் எத்தனையோ ஊரில் நடந்திருக்கிறேன். காசு கொட்டி வடிவமைத்த எந்தப் பூங்காவிலும் இப்படி ஒரு இடம் பார்த்ததில்லை. சின்னப்பிள்ளைபோல் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக இரண்டு தடவை நடந்தேன். இந்தப் பழைய ஒழுங்கையை இப்படியே கண்டுபிடித்துக் காப்பாற்றினாயே, நீ பெரிய ஆள் என்றேன்.

தர்சிகா சிரிக்கவில்லை. "வடிவா நடந்து பாருங்கோ அக்கா. நாளைக்கு இது இருக்குமோ தெரியாது."

அவர் சொன்ன கதை இது. யாழ்ப்பாணத்தில் காணிக்குக் காணி உயிர்வேலிதான். பூவரசு, கிளுவை மாதிரி மரங்களின் கொம்புகளை வெட்டி வரிசையாக நடுவார்கள். அவை துளிர்த்து வேர்விடும். அந்தக் கொம்புக்குப் பெயர் கதியால். பக்கத்துக் காணிக்காரர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே வேலி இருப்பதுதான் வழக்கம். வருடா வருடம் கிளைகளை வெட்டிவிடுவதால் கதியால் மரமாக வளராது. இந்த இடத்தில் அருகருகே காணி வைத்திருந்தவர்கள் அண்ணன் தம்பி, தில்லைநாதனும் குலசிங்கமும். எல்லையில் அண்ணன் கதியாலைத் தள்ளி நட்டுவிட்டார் என்று தம்பி சொல்ல, தம்பிதான் நட்டார் என்று அண்ணன் சொல்ல, பேச்சு முறிந்தது. கடைசியில், அவன் வேலியில் என் கை படக்கூடாது என்று அண்ணன் தன் பக்கம் மூன்றடி உள்ளே தள்ளி ஒரு வேலி போட்டார். தம்பி சும்மா இருப்பாரா? நடுவில் இருந்த பழைய வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தன் பக்கம் அவரும் மூன்றடி தள்ளி ஒன்று போட்டார்.

அதற்குள் போர் வந்து ஊரே காலியாகிவிட்டது. கிளை வெட்ட ஆளில்லை. திரும்பி வந்தபோது இரண்டு வீடுகளும் இடிந்து மண்ணாகியிருந்தன. சண்டை மட்டும் மரமாகி, பூத்து நின்றது. ஊரை முன்னே பின்னே பார்த்திராத தர்சிகா, இரண்டு வரிசை மரத்தையும் நடுவில் ஆறடியையும் கண்டு, இதுதான் கடற்கரைக்குப் போகும் பழைய ஒழுங்கை என்று நினைத்து, பற்றையை வெட்டிப் பாதை போட்டுவிட்டார்.

"ஊரில் யாருக்கும் தெரியாதா?"

"வயசானவைக்குத் தெரியும். நான் ரெண்டு பேரிட்டையும் கேட்டிட்டுத்தான் செய்யிறன் எண்டு நினைச்சிட்டினம். சண்டைக் கதையெண்டதாலை ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

அண்ணன் இப்போது வவுனியாவில், தம்பி நல்லூரில். யாரோ அண்ணனிடம், உன் தம்பி ஊருக்குப் பாதை விட்டிருக்கிறானாம் என்று சொல்லிவிட்டார்கள். தம்பியிடமும் போய், உன் அண்ணன் விட்டிருக்கிறாராம் என்று சொல்லியிருக்கிறார்கள். என் காணியைக் கொடுத்து நீ பேர் வாங்குவதா என்று இரண்டு பேருக்கும் கொதிப்பு. நாளைக் காலை அண்ணன் நில அளவையாளரையும் கம்பி வேலி போடும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார். தூண் நடுவதற்கு மரத்தை எடுக்க வேண்டும். இந்தத் துண்டு போனால், குளத்திலிருந்து கடற்கரைக்குப் பெருந்தெருவால் சுற்றித்தான் போக வேண்டும். நடக்க ஓரம் இல்லாத, மணல் டிப்பர்களும் பஸ்களும் பறக்கும் தெரு. "றோட்டாலை எண்டா பொம்பிளையள் வரமாட்டினம். பின்னேரம் நடக்கிறது நிண்டுபோகும். பிறகு பாதையும் பத்தையாப் போகும்" என்றார். குரல் உடைந்தது.

அன்றிரவு தங்கியது ஊரிலேயே ஒரு வீட்டில். காலைச் சாப்பாட்டோடு 3,500 ரூபாய். இடியப்பமும் சொதியும் அருமையாக இருந்தன என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் எதைச் சாப்பிட்டேன் என்றே நினைவில்லை.

காலை ஏழரைக்குப் போனபோது எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். தில்லைநாதன் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியிருக்கும், வெள்ளை வேட்டி, விறைப்பான நடை. குலசிங்கம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர், அண்ணன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. இரண்டு பேரும் பத்தடி தள்ளி நின்றார்கள். படம் எடுக்கிறேன் என்று நடுவில் போய் நின்றது என் குற்றம்.

"பிள்ளை, நீர் இந்தியாவோ?" என்றார் தில்லைநாதன்.

"ஆமாம் ஐயா, திருச்சி."

"நல்லது. உவருக்கு ஒருக்காச் சொல்லும், இது கந்தையான்ரை மூத்த மகன்ரை காணி எண்டு."

நான் ஹெல்மெட் பக்கம் திரும்பினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "கேட்டது. இளைய மகனும் ஒருத்தன் இருக்கிறான் எண்டு உவருக்குச் சொல்லும்."

இப்படியே போனது. பத்தடி தூரத்தில் நிற்கும் அண்ணன் தம்பிக்கு, கடல் கடந்து வந்த நான் தபால்காரி. அதற்குள் நில அளவையாளர் முக்காலியை நிறுத்தி அளந்து, பாதையின் நட்டநடுவே மண்ணைக் கிளறி, புதைந்துபோன எல்லைக்கல்லைக் காட்டிவிட்டார். "ஆளுக்கு மூண்டு அடி" என்றார்.

தில்லைநாதன் தலையசைத்தார். வேலை ஆள் ஒருவர் அலவாங்கை, அதாவது கடப்பாரையை, தூக்கி முதல் மரத்தின் அடியில் இறக்கினார். மேலேயிருந்து பூக்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. தர்சிகா ஒரு கற்பலகையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அவர் காலடியில் கிடந்தன. எனக்கு ஆத்திரமாக வந்தது. எதையாவது சொல்லி ஒரு நிமிடமாவது நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. சமயோசிதம் எல்லாம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்கள். வெட்டினாலும் பரவாயில்லை, இப்படி ஒரு பாதை இருந்தது என்று நான் எழுதுவேன். நிறையப் பேர் படிப்பார்கள். படத்துக்குக் கீழே பெயர் போட வேண்டும். இந்தப் பாதையைக் கொடுத்தது யார்?"

அலவாங்கு நின்றது. ஹெல்மெட் கழன்றது. உள்ளே அண்ணனின் அதே மூக்கு.

"எழுதும். கந்தையா தில்லைநாதன்."

"பிழையா எழுதாதையும் பிள்ளை. கந்தையா குலசிங்கம்."

"ஆளுக்கு மூண்டு அடி எண்டு இப்பதானே சொன்னனான்" என்றார் நில அளவையாளர், கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தில்லைநாதன் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார். "உவர் தன்ரை மூண்டு அடியையும் குடுத்தவராமோ?"

"குடுத்தனான் எண்டு சொல்லும்."

"அப்ப என்ரை மூண்டு அடியையும் எழுதும். உவருக்குப் போறதிலும் பாக்க ஊருக்குப் போகட்டும்."

"என்ரை பக்கம் நாலு அடி எண்டு எழுதும்" என்றார் தம்பி.

"என்ரை பக்கம் கிணத்தடியையும் சேர்த்து எழுதும். சனம் இருந்து தண்ணி குடிக்கட்டும்."

"அப்ப கடற்கரைப் பக்கம் என்ரை மூலைக் காணியும்."

தர்சிகா எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. நில அளவையாளர் காதோடு, "அண்ணை, இவை மனம் மாற முன்னம் கெதியா எல்லை முளையை அடியுங்கோ" என்று அவர் கெஞ்சியது மட்டும் கேட்டது. மரத்தை எடுக்க வந்த ஆட்களே முளை அடித்தார்கள். கால் மணி நேரத்தில் அந்தப் பாதைக்கு ஒரு கிணற்றடியும் கடல் பார்க்கும் ஒரு திடலும் கிடைத்துவிட்டன. எந்த வடிவமைப்பாளர் கேட்டாலும் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் தில்லைநாதன், "பேர் போடவேணும்" என்றார். தர்சிகா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "போடுவம் ஐயா" என்றார்.

"அப்பான்ரை பேர்."

"அதைச் சொல்லத்தான் நான் ஹெல்மெற்றைக் கழட்டினனான்" என்றார் குலசிங்கம்.

ஒரே பெயர்ப்பலகையில் இரண்டு பேரின் உபயமும் வர இரண்டு பேருமே சம்மதிக்கவில்லை. ஆகவே இரண்டு பலகைகள். குளத்துப் பக்கக் கோடியில் அண்ணனுடையது, கடற்கரைக் கோடியில் தம்பியுடையது. அண்ணன் குளத்துப் பக்கமாகவும் தம்பி கடல் பக்கமாகவும் போனார்கள். போகும்போதும் பேசிக்கொள்ளவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் கப்பல் ஓடாது, மற்ற நாட்களிலும் கடலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள், முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு ரயில் காங்கேசன்துறை வரை வருகிறது. யாழ்ப்பாண நகரத்தில் தங்கினால் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நகரத்தில் நாள் வாடகைக்குச் சைக்கிள் 800 ரூபாய் கேட்டார்கள். பாதையில் சைக்கிளுக்கும் இடம் உண்டு, பெண்கள் நடக்கும் மாலை ஐந்து மணிக்கு மேல் மட்டும் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். முழுப் பாதையும் நிதானமாக நடக்க ஒரு மணி நேரம். காலை ஆறரைக்குத் தொடங்கினால் பனங்கூடலைக் குளிர்ச்சியில் கடந்துவிடலாம். தண்ணீர் சுமக்க வேண்டாம், கிணற்றடியில் குடம் வைத்திருக்கிறார்கள். பூவரசங்கிளையை ஒடிக்காதீர்கள். அண்ணனையோ தம்பியையோ பாதையில் பார்த்து, எந்தப் பக்கத்தால் வந்தீர்கள் என்று அவர்கள் கேட்டால், யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

இதை எழுதத் தாமதமானதற்குக் காரணம், பலகைகள் வரட்டும் என்று காத்திருந்தது. சட்டப்படி எழுதிக் கொடுத்துவிட்டார்கள், பலகைகளும் வந்துவிட்டன. போன மாதம் தர்சிகா படம் அனுப்பினார். கடற்கரைப் பக்கம், அமரர் கந்தையா ஞாபகார்த்தமாக, உபயம் மகன் குலசிங்கம். எதிர்பார்த்ததுதான். குளத்துப் பக்கம் தில்லைநாதன் வைத்த பலகையில், அதே அப்பா பெயர், உபயம் மக்கள் தில்லைநாதன், குலசிங்கம் என்று இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அப்படி எழுதக் கொடுத்திருக்கிறார்.

தம்பி ஒரு மாலை குளத்துப் பக்கமாக நடந்து வந்து அந்தப் பலகையின் முன் நின்றாராம். பிறகு திரும்பிப் போனாராம். மறுவாரம் கடற்கரைப் பலகையில் தன் பெயருக்கு மேலே, இருந்த கொஞ்ச இடத்தில், வேறு நிறப் பெயிண்டில், நெருக்கிப் பிடித்து ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது: தில்லைநாதன். பார்க்கச் சகிக்கவில்லை, எழுத்து கோணல். பெயர்ப்பலகையே வேண்டாம் என்று இரண்டு வருடம் நின்ற தர்சிகாவிடம், அதை அழித்து ஒழுங்காக எழுதித் தரட்டுமா என்று பலகை எழுதிய பெயிண்டர் கேட்டாராம்.

"தொடாதையுங்கோ எண்டு சொல்லிப்போட்டன் அக்கா" என்று எழுதியிருந்தார்.